ஒண்ணும் வரலைன்னாலும் எழுதி வைங்க: வீட்டுத் தோட்டத்துல பட்டாம்பூச்சி எண்ணுற அறிவியல்

2024 கோடைல பிரிட்டன்ல வழக்கம்போல பட்டாம்பூச்சிக் கணக்கெடுப்பு நடந்துச்சு. பிக் பட்டர்ஃப்ளை கவுன்ட்னு பேரு, 2010ல இருந்து வருஷா வருஷம் நடக்குது, சின்னப் பசங்கள்ல இருந்து ரிட்டயர் ஆனவங்க வரைக்கும் யார் வேணா சேரலாம். வெயில் அடிக்கிற நேரமா பார்த்து ஒரு இடத்துல 15 நிமிஷம் நிக்கணும், கண்ணுல பட்டதை எண்ணி அனுப்பணும், அவ்வளவுதான் வேலை. அந்த வருஷம் ஒரு கவுன்ட்டுக்கு சராசரி 7 பட்டாம்பூச்சிதான். முந்தின வருஷம் 12. ஆரம்பிச்ச நாள்ல இருந்து இவ்வளவு கம்மியா வந்ததே இல்ல, இதை நடத்துற பட்டர்ஃப்ளை கன்சர்வேஷன் அமைப்பு அவசர நிலைன்னே அறிவிச்சுட்டாங்க. செய்திகள்ல அந்த 7தான் தலைப்பா ஓடுச்சு. ஆனா என் மனசுல நின்னது வேற ஒரு நம்பர். கிட்டத்தட்ட 9,000 கவுன்ட்ல ஒரு பட்டாம்பூச்சி கூட இல்ல.

யோசிச்சுப் பாருங்க, 9,000 தடவை யாரோ ஒருத்தர் கால் மணி நேரம் நின்னு பார்த்து, ஒண்ணுமே வராம, அப்புறமும் போய் பூஜ்யம்னு போட்டு அனுப்பியிருக்காங்க. அவங்க "ஒண்ணும் வரலையே, இதை எதுக்கு அனுப்பணும்"னு விட்டிருந்தா, வந்த கணக்குல எல்லாம் பட்டாம்பூச்சி இருந்திருக்கும், சராசரியும் நல்லாவே தெரிஞ்சிருக்கும், குறைஞ்சது எவ்வளவுன்னு சரியா யாருக்கும் புரிஞ்சிருக்காது. வீட்டுத் தோட்டத்துல உக்காந்து பண்ற சிட்டிசன் சயின்ஸ்ல (பொதுமக்கள் சேர்ந்து பண்ற அறிவியல்) எனக்கு இந்த பூஜ்யம்தான் முக்கியமான விஷயமா படுது, அதைப் பத்திதான் இங்க எழுதப் போறேன்.

முதல்ல ஏன் வீட்டுத் தோட்டம்னு பார்ப்போம். ஆராய்ச்சியாளர்கள் காட்டுக்குப் போவாங்க, புல்வெளிக்குப் போவாங்க, சரணாலயத்துல வருஷக்கணக்கா வேலை பார்ப்பாங்க, ஆனா ஒருத்தர் வீட்டு காம்பவுண்டுக்குள்ள வாரம் ஒரு தடவை போய் நிக்க முடியாது. ஊர் முழுக்க இருக்கிற மொட்டை மாடி, பால்கனி, கொல்லைப்புறம், முன்வாசல் தொட்டி எல்லாத்தையும் சேர்த்தா நிறைய இடம் வரும், அந்த இடம் முழுக்க விஞ்ஞானத்துக்கு மூடின கதவுதான். கதவுக்கு உள்ள இருக்கிறது நாம மட்டும்தான். இன்னொண்ணு, நாம அங்கேயே இருக்கோம். வெளியில இருந்து வர்றவர் வருஷத்துக்கு நாலு நாள் பார்ப்பார், நாம காலைல பல்லு விளக்கும்போதே பார்த்துடுவோம்.

ஏன் பட்டாம்பூச்சின்னா, பகல்ல பறக்குது, கண்ணுக்குத் தெரியுது, நிறைய வகையை பிடிக்காமலேயே அடையாளம் சொல்லலாம். அதுக்கும் மேல, அதோட உடம்பு வெயிலை நம்பி ஓடுற உடம்பு, சூடு ஏறலைன்னா பறக்கவே முடியாது, அதனால வெயிலும் மழையும் கொஞ்சம் மாறினாலே அதோட நடமாட்டம் மாறிடும். பல வகைகள்ல ஒரு தலைமுறை சில வாரத்துல முடிஞ்சுடும், ஸோ ஒரு வருஷத்துல நடக்கிற மாற்றம் அந்த வருஷமே எண்ணிக்கைல தெரியும், மரத்துல தெரியணும்னா பல வருஷம் ஆகும். பல வகைகளோட புழு ஒரு சில செடியைத் தவிர வேற எதையும் தொடாது. அந்தச் செடி போச்சுன்னா அந்தப் பட்டாம்பூச்சியும் போச்சு.

இப்போ பூஜ்யத்துக்கு வர்றேன். நம்மள்ல நிறைய பேரு பண்றது என்னன்னா, அழகா ஒண்ணு வந்து உக்காந்தா போன் எடுத்து ஒரு போட்டோ, அதை ஏதாவது ஆப்ல ஏத்திடுறது. அது தப்பே இல்ல, ஒரு வகை எந்த ஊர்ல எந்த மாசம் இருந்துச்சுங்கிறதுக்கு அந்த போட்டோதான் சாட்சி. ஐநேச்சுரலிஸ்ட் மாதிரி தளங்கள் (2008ல கலிஃபோர்னியா பெர்க்லில மாஸ்டர்ஸ் ப்ராஜெக்ட்டா ஆரம்பிச்சது அது) இப்படி வர்ற போட்டோவை மத்தவங்க பார்த்து பேர் சரியான்னு சொல்ல வைக்குது, பேர் சொன்னவங்கள்ல மூணுல ரெண்டு பங்குக்கு மேல ஒத்துப்போனாதான் ரிசர்ச் கிரேடுன்னு, அதாவது ஆராய்ச்சிக்கு எடுத்துக்கலாம்னு, முத்திரை விழும், அப்புறம்தான் உலக அளவுல இருக்கிற பொது டேட்டாபேஸுக்குப் போகும். ஆனா இந்த மாதிரி போட்டோவை மட்டும் வெச்சு "கூடிச்சா குறைஞ்சதா"ன்னு கேட்டா பதில் சொல்றது ரொம்ப கஷ்டம். ஏன்னா போன வருஷம் 10 போட்டோ, இந்த வருஷம் 40 போட்டோன்னா பட்டாம்பூச்சி கூடியிருக்கலாம், இல்ல நீங்க புது போன் வாங்கியிருக்கலாம், இல்ல வேலை மாறி வீட்ல அதிக நேரம் இருந்திருக்கலாம். எவ்வளவு நேரம் பார்த்தோம்ங்கிற கணக்கு அதுல இல்ல. அந்த நேரக் கணக்கு சேர்ந்துட்டா அதே ஆள் அதே தோட்டத்துல பார்த்தது ஒரு அளவீடாவே மாறிடுது.

இதை ஒழுங்கா யோசிச்சவர் எர்னி பொல்லார்ட்ங்கிற ஆராய்ச்சியாளர். 1973ல இங்கிலாந்துல மாங்க்ஸ் வுட்ங்கிற இடத்துல ஒரே பாதைல வாராவாரம் நடந்து, தனக்கு ரெண்டு பக்கமுமா மொத்தம் 5 மீட்டர் அகலத்துக்குள்ள, முன்னால 5 மீட்டருக்குள்ள வர்றதை மட்டும் எண்ணினார். தூரத்துல போறது எவ்வளவு அழகா இருந்தாலும் கணக்குல வராது. வெப்பம் இவ்வளவுக்குக் கீழ இருந்தா நடக்கக் கூடாது, காத்து பலமா அடிச்சா நடக்கக் கூடாதுன்னு விதி. 1976ல இதே முறை நாடு முழுக்கப் போய் பட்டாம்பூச்சி கண்காணிப்புத் திட்டமா ஆச்சு, நடந்தவங்கள்ல பெரும்பாலானவங்க சம்பளம் வாங்காத ஆர்வலர்கள்தான், இன்னைக்கும் நடக்கிறாங்க, வேற பல நாடுகளும் இந்த முறையைத்தான் எடுத்துக்கிட்டாங்க. விதி பார்க்க சின்னதா இருக்கும். ஆனா அதனாலதான் 1976ல ஒருத்தர் எண்ணினதையும் இன்னைக்கு இன்னொருத்தர் எண்ணினதையும் பக்கத்துல வெச்சுப் பார்க்க முடியுது.

தோட்டத்துல நடக்க இடம் இல்லைன்னா நின்ன இடத்துலயே எண்ணலாம். அப்போ ஒரு சிக்கல் வரும், ஒரே பட்டாம்பூச்சி சுத்திச் சுத்தி வரும், நாம அதை அஞ்சு தடவை எண்ணிடுவோம். இதுக்கு எளிமையான வழி இருக்கு: ஒரு வகைல ஒரே நேரத்துல அதிகபட்சம் எத்தனை கண்ணுல பட்டுச்சோ அதை மட்டும் எழுதுறது. முதல்ல ரெண்டு தெரிஞ்சுது, அப்புறம் மூணு ஒண்ணா தெரிஞ்சுது, அப்புறம் ஒண்ணுதான் தெரிஞ்சுதுன்னா எழுத வேண்டியது 3. உண்மைல அஞ்சு வந்திருக்கலாம், பரவாயில்ல, எல்லாரும் ஒரே மாதிரி குறைச்சு எண்ணினா ஒப்பிட்டுப் பார்க்கிறதுக்கு அது கெடுதல் இல்ல. ஒரு நாள் அதிகபட்சம், ஒரு நாள் குத்துமதிப்புன்னு மாத்தி மாத்தி எண்ணினாதான் கெடும்.

அடையாளம் கண்டுபிடிக்கிறதுல எல்லாரும் தடுமாறுற இடம் ஒண்ணைச் சொல்றேன். வெந்தய வரியன் தெரியும்ல, ஆரஞ்சு கலர், ஓரத்துல கருப்பு, முன்னிறகு நுனில வெள்ளைப் பட்டை, எருக்கஞ்செடி பக்கத்துல மெதுவா மிதந்து போகும். அவசரமே படாது. புழுவா இருக்கும்போது எருக்கு மாதிரி பால் வடியுற செடியைத் தின்னு அந்த நஞ்சை உடம்புல சேர்த்து வெச்சிருக்கு, பறவைகள் ஒரு தடவை கொத்திப் பார்த்துட்டு அப்புறம் கிட்ட போறதில்ல. இந்தப் பாதுகாப்பைப் பார்த்து அப்படியே வேஷம் போட்டிருக்கிறது டனைட் எக்ஃப்ளைங்கிற வேற ஒரு வகையோட பெண். ஆண் கருப்பு, அதுல வெள்ளைத் திட்டு, ரெண்டும் ஒரே இனம்னு சொன்னா நம்பவே மாட்டீங்க, ஆனா பெண் அச்சு அசலா வெந்தய வரியன்தான். பின்னிறகைப் பார்த்தாதான் பிடிபடும்: வெந்தய வரியன்ல பின்னிறகு நடுவுல மூணு இல்ல நாலு கருப்புப் புள்ளி இருக்கும், எக்ஃப்ளைல மேல் ஓரத்துல ஒரே ஒரு புள்ளி. முதல் தடவை நான் இதைத் தெரிஞ்சுக்கிட்டு பழைய போட்டோ எல்லாத்தையும் ஜூம் பண்ணிப் பார்த்தப்போ, வெந்தய வரியன்னு பேர் போட்டிருந்த ஒண்ணுல ஒரே புள்ளிதான் இருந்துச்சு, அந்த நாள் சந்தோஷம் இன்னும் ஞாபகம் இருக்கு.

அதே மாதிரிதான் கறிவேப்பிலை அழகியும். பெண்கள்ல சில ரூபம் நஞ்சு உள்ள ரோஜா அழகி மாதிரி சிவப்புப் புள்ளியோட இருக்கும், இறகை மட்டும் பார்த்தா ஏமாந்துடுவோம், உடம்பைப் பார்க்கணும். உடம்பு சிவப்பா இருந்தா ரோஜா அழகி, கருப்பா இருந்தா வேஷம். அதனாலதான் போட்டோ எடுக்கும்போது இறகு விரிச்சது ஒண்ணு, மூடினது ஒண்ணு, முடிஞ்சா பக்கவாட்டுல உடம்பு தெரியுற மாதிரி ஒண்ணுன்னு எடுக்கச் சொல்றது. அப்படியும் தெரியலைன்னா "தெரியல"ன்னே எழுதுங்க. தெரியலைன்னு எழுதினதை பின்னாடி யாராவது சரி பண்ணிடலாம், தப்பான பேரை நம்பிக்கையா எழுதிட்டா அது அப்படியே கணக்குல ஒக்காந்துக்கும்.

வளர்ந்த பட்டாம்பூச்சியை மட்டும் பார்க்கிறவங்களுக்கு பாதி கதைதான் கிடைக்கும்னு நான் சொல்லுவேன். ஒரு எலுமிச்சைச் செடி தொட்டில இருந்தா போதும், அது பக்கத்துல எலுமிச்சை அழகி ஒண்ணு பறந்து பறந்து இலையைத் தொட்டுத் தொட்டுப் போறதைப் பார்க்கலாம், பூவே இல்லாத செடில ஏன் இப்படிச் சுத்துதுன்னு தோணும். அது பெண், முன்னங்காலால இலையைத் தட்டி ருசி பார்க்குது, பாதத்துல இருக்கிற உணரிகள்தான் அதுக்கு நாக்கு. சரியான செடின்னு உறுதியானதும் வயித்தை வளைச்சு ஒரு கொழுந்து இலைல ஒரே ஒரு முட்டை ஒட்டும், வெளிர் மஞ்சள்ல குண்டூசித் தலை அளவு உருண்டை, உடனே அடுத்த இலைக்குப் போயிடும். மொத்தமும் ரெண்டு மூணு செகண்ட். சில நாள்ல அதுல இருந்து வர்ற புழு பறவை எச்சம் மாதிரியே கருப்பும் வெள்ளையுமா இருக்கும், பெருசானதும் பச்சைக்கு மாறும், தொட்டா தலைக்குப் பின்னால இருந்து கவட்டை மாதிரி ஒரு உறுப்பை வெளில நீட்டி ஒரு நெடி அடிக்கும். முட்டை வெச்ச தேதி, புழு வெளிய வந்த தேதி, கூடு கட்டின தேதி, பறந்த தேதி, இது நாலையும் எழுதி வெச்சா ஒரு வரலாறே ஆச்சு. நடுவுல குளவி வந்து புழுவைத் தூக்கிட்டுப் போனாலும் அதையும் எழுதணும், அதுவும் அந்தத் தோட்டத்துல நடந்ததுதானே.

இதெல்லாம் சேர்ந்து என்ன ஆச்சுன்னு கேட்டா, பெருசா நிறையவே ஆச்சு. வட அமெரிக்காவுல மோனார்க் பட்டாம்பூச்சி குளிர்காலத்துக்கு எங்க போகுதுன்னு பல காலம் தெரியாது. கனடாவைச் சேர்ந்த ஃப்ரெட் அர்குஹார்ட்டும் அவர் மனைவி நோராவும் இறகுல சின்ன காகிதத் துண்டு ஒட்டிப் பறக்க விட்டு, 1950கள்ல இருந்து பொதுமக்களை உதவிக்குக் கூப்பிட்டாங்க, ஆயிரக்கணக்கான பேர் தங்களோட வீட்டுப் பக்கமே ஒட்டி அனுப்பினாங்க. 1975 ஜனவரில கென் ப்ரகரும் கேத்தலீனா அகுவாடோவும் மெக்சிகோ மலைக்காட்டுல அந்தக் கூட்டத்தைக் கண்டுபிடிச்சாங்க, மரமே தெரியாத அளவுக்கு கோடிக்கணக்குல ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அடுத்த வருஷம் அர்குஹார்ட் அங்க போனப்போ தரைல கிடந்த ஒண்ணோட இறகுல காகிதத் துண்டு இருந்துச்சு, அமெரிக்காவோட மினசோட்டா மாநிலத்துல ஒட்டினது. அவ்வளவு தூரம் பறந்து வந்திருக்குங்கிறதுக்கு அந்த ஒட்டுத்தாள்தான் ஆதாரம்.

பெயிண்டட் லேடிங்கிற பட்டாம்பூச்சியோட கதையும் எனக்குப் பிடிச்சது. வசந்த காலத்துல தெற்குல இருந்து ஐரோப்பாவுக்கு கூட்டமா வரும், ஆனா திரும்பிப் போற மாதிரி யாரும் பார்த்ததில்ல, வந்ததெல்லாம் அங்கேயே சாகுதுன்னு நினைச்சாங்க. 2009ல பெரிய கூட்டம் வந்துச்சு, ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் பார்த்ததை அனுப்பினாங்க, அதை ரேடார் பதிவோட சேர்த்துப் பார்த்தா இலையுதிர் காலத்துல திரும்பிப் போறது சராசரியா 500 மீட்டர் உயரத்துல, நம்ம கண்ணுக்கு எட்டவே எட்டாது. பிரிட்டனுக்கு வந்தது ஏறக்குறைய 1.1 கோடி, அங்கேயே பொறந்ததையும் சேர்த்து திரும்பிப் போனது 2.6 கோடின்னு 2012ல கணக்கு வெளியாச்சு. ரேடாருக்கு அது எந்தப் பூச்சின்னு தரைல பார்த்தவங்க சொல்லணும், தரைல நிக்கிறவங்களுக்கு மேல என்ன நடக்குதுன்னு ரேடார் சொல்லணும். ரெண்டும் சேர்ந்தாதான் முழுசா தெரியும்.

வீட்டுத் தோட்டத்தை மட்டுமே வெச்சுப் பண்ணின ஒண்ணும் இருக்கு. பிரிட்டன்ல 600க்கும் மேற்பட்ட தோட்டங்கள்ல 6 வருஷம் வீட்டுக்காரங்க எண்ணி அனுப்பினதை எடுத்து ஆராய்ஞ்சாங்க, 2024ல வெளியாச்சு. புல்லை வெட்டாம கொஞ்சம் வளர விட்ட தோட்டத்துல பட்டாம்பூச்சி அதிகம், சுத்தி விவசாய நிலமா இருக்கிற இடத்துல 93% வரைக்கும், நகரத்துக்குள்ள 18% வரைக்கும் அதிகம். ஒண்ணும் செய்யாம சும்மா விட்டாலே இந்த வித்தியாசம்னா, அதை எண்ணிக் காட்டினது அந்தத் தோட்டத்துக்காரங்கதான். அமெரிக்காவுல 35 கண்காணிப்புத் திட்டங்களோட கணக்கை ஒண்ணா சேர்த்து 2025ல சயின்ஸ் இதழ்ல வந்த ஆய்வும் இப்படித்தான், 76,000க்கும் மேற்பட்ட கணக்கெடுப்பு, 1.26 கோடி பட்டாம்பூச்சி, அதுல பெரும்பகுதி தன்னார்வலர்கள் எண்ணினது. 2000ல இருந்து 2020க்குள்ள மொத்த எண்ணிக்கை 22% குறைஞ்சிருக்கு. இதைப் படிக்க எனக்கு வருத்தமாத்தான் இருக்கு, ஆனா தெரியாமலேயே போயிருந்தா அதைவிட வருத்தம்.

தோட்டக்காரங்க நல்லது நினைச்சு செஞ்சதுல இருந்த கெடுதலையும் தோட்டக்காரங்களே கண்டுபிடிச்சுக் கொடுத்திருக்காங்க. மோனார்க்குக்கு உணவுச் செடி வேணும்னு அமெரிக்காவோட தெற்குப் பகுதில நிறைய பேர் வெப்பமண்டல மில்க்வீட் (எருக்கு மாதிரி பால் வடியுற செடி) வெச்சாங்க, அது குளிர்காலத்துலயும் வாடாது, அதனால சில மோனார்க் பயணமே போகாம அங்கேயே தங்கி முட்டை வைக்க ஆரம்பிச்சுது. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தோட திட்டத்துல சேர்ந்த தன்னார்வலர்கள் பட்டாம்பூச்சியோட வயித்துல ஒரு துண்டு ஒட்டு டேப்பை லேசா ஒத்தி எடுத்து அனுப்புவாங்க, அதை மைக்ராஸ்கோப்ல பார்த்து ஒட்டுண்ணியோட வித்து இருக்கான்னு எண்ணுவாங்க. பயணம் போறதைவிட தங்கிட்டதுல தொற்று ரொம்ப அதிகம்னு 2015ல தெரிஞ்சுது. அதுக்கப்புறம் அந்தச் செடியைக் குளிர்காலத்துல வெட்டி விடுங்க, முடிஞ்சா உள்ளூர் வகையை வைங்கன்னு சொல்ல ஆரம்பிச்சாங்க. செடி வைக்கிறதோட நிறுத்தாம பார்த்துக்கிட்டும் இருந்ததாலதான் இது தெரிஞ்சுது.

குறைகளும் இருக்கு. ஆர்வலர்கள் லீவு நாள்ல அதிகம் எண்ணுவாங்க, நல்ல வெயில்ல எண்ணுவாங்க, நகரத்துல ஆள் அதிகம், கிராமத்துல கம்மி. பட்டாம்பூச்சி பிடிக்கிறவங்க வீட்டுத் தோட்டம் ஏற்கனவே பட்டாம்பூச்சிக்கு ஏத்த மாதிரிதான் இருக்கும். புள்ளியியல் தெரிஞ்சவங்க இதைச் சரிக்கட்ட வழி வெச்சிருக்காங்க, ஒரே இடத்துக்கு பல தடவை போய் பார்த்த பதிவு இருந்தா, ஒரு வகை உண்மையிலேயே இல்லையா இல்ல இருந்தும் கண்ணுல படலையான்னு பிரிச்சுக் கணக்குப் போடலாம். ஆனா அந்தக் கணக்கு ஓடணும்னா "பார்த்தேன், வரல"ங்கிற பதிவு வேணும். திரும்பவும் பூஜ்யத்துலதான் வந்து நிக்கிறோம்.

ஆரம்பிக்கணும்னு நினைச்சா நான் சொல்றது இதுதான். ஒரு இடம், வாரத்துல ஒரு நாள், ஒரே நேரம், 15 நிமிஷம். வெயில் உக்கிரமா இருக்கிற ஊர்னா காலைல வெச்சுக்குங்க, நடு மதியம் அதுங்களும் நிழலுக்குப் போயிடும். வானம் எப்படி, காத்து எப்படின்னு ஒரு வார்த்தை. அப்புறம் எண்ணிக்கை, வரலைன்னா 0. எல்லா வகையும் தெரியணும்னு அவசியம் இல்ல, அஞ்சு வகை மட்டும் நல்லா தெரிஞ்சுக்கிட்டு அந்த அஞ்சை மட்டும் வருஷம் முழுக்க எண்ணினாலும் போதும், ஆனா எந்த அஞ்சுன்னு எழுதி வைங்க. அரிய வகை தேடி அலைய வேண்டாம், தினம் வர்ற சாதாரண வகை குறையும்போதுதான் யாரும் கவனிக்க மாட்டாங்க. பூச்சி மருந்து அடிச்சா அதையும் தேதியோட எழுதுங்க (அடிக்காம இருந்தா ரொம்ப நல்லது). ஆப்ல ஏத்தும்போது வீட்டு லொகேஷன் அப்படியே வெளில தெரியும்ங்கிறதை மறந்துடாதீங்க, ஐநேச்சுரலிஸ்ட்ல இடத்தை மறைச்சுக் காட்டுற வசதி இருக்கு, அதை ஆன் பண்ணிடுங்க. இந்தியாவுல இருக்கிறவங்களுக்கு 2020ல இருந்து செப்டம்பர் மாசம் பிக் பட்டர்ஃப்ளை மந்த் நடக்குது, தனியா ஆரம்பிக்கத் தயக்கமா இருந்தா அதுல சேர்ந்துக்கலாம்.

போன்ல ஏற்கனவே பழைய பட்டாம்பூச்சி போட்டோ கிடக்கும்ல, அதையும் ஏத்தலாம், பத்து வருஷம் முன்னாடி எடுத்ததா இருந்தாலும் சரி. ஆனா ஒரிஜினல் ஃபைலா தேடி எடுங்க, அதுலதான் எடுத்த தேதி பதிஞ்சிருக்கும், வாட்ஸ்அப்ல சாதாரணமா வந்த காப்பில தேதியும் இடமும் அழிஞ்சிருக்கும். ஒரிஜினல் இல்லைன்னா அன்னைக்கு வீட்ல என்ன விசேஷம், யார் வந்திருந்தாங்கன்னு யோசிச்சு, மாசமாவது உறுதியா தெரிஞ்சா மட்டும் அதைப் போட்டு ஏத்துங்க.